எட்டாம் ஹென்றியின் ஆறு ராணிகள்: எந்த இடத்துக்குப் போகலாம், அங்கே எதைப் பார்க்கலாம்

லண்டன் டவர் கோட்டை, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை இரண்டையும் பார்த்துவிட்டால் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் ஆறு ராணிகளையும் பார்த்தாயிற்று என்று நினைத்துத் திரும்புகிறவர்கள் அதிகம். கொடுத்த காசுக்குக் குறைவைக்காத இடங்கள்தான் இரண்டும். ஆனால் இரண்டுமே ராஜாவின் வீடுகள். சுவரிலும் கூரையிலும் அவர் பேச்சுதான் கேட்கும். ராணிகளைத் தேடிப் போகிறவர்கள் இன்னும் ஐந்து இடங்களைக் கணக்கில் வைக்க வேண்டும்: வின்ட்சர், வெஸ்ட்மின்ஸ்டர் அபே, கென்ட்டில் ஹீவர் கோட்டை, குளோஸ்டர்ஷயரில் சூட்லி கோட்டை, பீட்டர்பரோ கதீட்ரல். ஏழையும் ஒரே கேள்வி கேட்டு எடைபோட்டிருக்கிறோம்: அங்கே வாழ்ந்த, இறந்த, புதைக்கப்பட்ட அந்தப் பெண்ணைப் பற்றி இந்த இடம் உண்மையாக எதைக் காட்டுகிறது?

போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பயணம் இரட்டிப்புப் பலன் தரும். ஹென்றி தன் பெயரின் முதலெழுத்தையும் மனைவி பெயரின் முதலெழுத்தையும் பின்னிப் பிணைத்துக் கல்லிலும் மரத்திலும் கண்ணாடியிலும் இரும்பிலும் செதுக்கவைக்கும் வழக்கமுள்ளவர். மனைவி மாறினால் எழுத்தும் மாறும். தச்சரும் சிற்பியும் ஏணி வைத்து ஏறிப் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பொறிக்க வேண்டும். அவசரத்தில் அவர்கள் கண்ணுக்குத் தப்பியவை இன்றும் இருக்கின்றன. ஓவியங்களையும் மெழுகு பொம்மைகளையும் விட அந்த எழுத்துகள் நம்பத் தகுந்த சாட்சிகள். ஐந்தாவது ராணி கேத்தரின் ஹவர்டுக்கு, இது அவர்தான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஓவியம் ஒன்றுகூட இல்லை.

இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேரின் முடிவையும் ஒரு பாட்டாகப் பாடுவார்கள்: விவாகரத்து, தலைவெட்டு, சாவு, விவாகரத்து, தலைவெட்டு, பிழைத்தாள். வரிசையாக அவர்கள் ஆரகான் கேத்தரின், ஆன் பொலின், ஜேன் சீமோர், கிளீவ்ஸ் ஆன், கேத்தரின் ஹவர்ட், கேத்தரின் பார். பாட்டு நினைவில் வைக்க எளிது, ஆனால் இரண்டு தவறுகள் உள்ளன. நடந்தது விவாகரத்து அல்ல. திருமணமே செல்லாது என்ற தீர்ப்பு. இரண்டும் ஒன்றல்ல, ஏனென்றால் செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பட்டத்து உரிமை போய்விடும். அடுத்தது, "பிழைத்தாள்" என்று பாடப்படும் கேத்தரின் பார், ஹென்றி இறந்து 19 மாதங்களில் பிரசவத்தில் இறந்துபோனார். ஆறு பேரில் கடைசியாக இறந்தவர் நான்காவது ராணி கிளீவ்ஸ் ஆன், 1557இல்.

டவரிலிருந்து தொடங்குவது நல்லது. டவர் ஹில் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே கோட்டை. திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கிரீட நகைகளுக்கான வரிசை பகல் ஏற ஏற நீளும். அதைப் பார்க்க விரும்பினால் முதல் வேலையாக முடித்துவிடுங்கள். ராணிகளுக்காக மட்டும் வந்தவர்கள் அதை விட்டுவிடலாம், இழப்பில்லை. அடுத்து வெள்ளைக் கோபுரம். அதன் கவசக் காட்சியில், ஏறத்தாழ 1515இல் ஹென்றிக்காகச் செய்த வெள்ளி முலாம் பூசிய கவசம் இருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் தாண்டி, 1540இல் செய்த பெரிய வயிற்றுக் கவசத்தைப் படம் எடுக்கப் போய்விடுகிறார்கள். பழைய கவசத்தின் முன் நின்று, இடுப்புக்குக் கீழே விரியும் இரும்புப் பாவாடையின் விளிம்பைக் கவனியுங்கள். ஹென்றியின் 'எச்', கேத்தரினின் 'கே' இரண்டும் கயிற்று முடிச்சால் கட்டப்பட்டு வரிசையாக ஓடும். பக்கத்தில் ஹென்றியின் டியூடர் வம்சத்து ரோஜாவும், ஸ்பெயினின் மாதுளம்பழமும். ஆரகான் கேத்தரினுடன் ஹென்றி மகிழ்ச்சியாக வாழ்ந்த காலத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று லண்டனில் கிடைப்பது கடினம். 1509 ஜூன் 11இல் நடந்த திருமணம் அது. 24 ஆண்டுகள் நிலைத்தது. மற்ற ஐந்து திருமணங்களையும் சேர்த்தாலும் அதில் பாதிகூட வராது.

டவரில் வழக்கமாக மூன்று இடங்களில் பார்வையாளர்கள் தவறான இடத்தில் நின்று கலங்குகிறார்கள். முதலாவது துரோகிகள் வாயில். ஆன் பொலின் 1536 மே 2இல் கிரீனிச்சிலிருந்து படகில் கொண்டுவரப்பட்டது உண்மை. ஆனால் அவர் அந்த நீர்வாயில் வழியாக அல்ல, பைவர்ட் கோபுரத்தை ஒட்டிய அரச வாயில் வழியாகவே உள்ளே வந்தார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. இரண்டாவது, பச்சைப் புல்வெளியை ஒட்டி மரச்சட்டம் போட்ட வீடு. ஆன் அங்கே அடைபட்டிருந்தார் என்ற கதை நெடுங்காலமாக உண்டு. அந்த வீடு கட்டப்பட்டதே 1540 வாக்கில், அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் உண்மையில் தங்கியிருந்தது வெள்ளைக் கோபுரத்துக்குத் தெற்கே இருந்த அரச மாளிகையில். 1533இல் முடிசூடப் போவதற்கு முன் அவருக்காகப் புதுப்பித்த அதே அறைகளில்தான் மூன்று ஆண்டுகள் கழித்து அவர் சாவுக்குக் காத்திருந்தார். மே 15இல் அவரை விசாரித்த பெரிய மண்டபமும் அந்த மாளிகையின் பகுதியே. இன்று அங்கே மாளிகையும் இல்லை, மண்டபமும் இல்லை. புல்தரையும் சில இடிசுவர்களும்தான். பலகை வாசகங்களைத் தேடாமல் அந்தப் புல்தரையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். டவரில் ஆனுக்கு மிக நெருக்கமான இடம் அதுதான்.

மூன்றாவது, தலையணை வைத்த கண்ணாடி நினைவுச்சின்னம். 2006இல் நிறுவியது, அழகான, அடக்கமான வேலை. அந்த வளாகத்துக்குள் கொல்லப்பட்ட பத்துப் பேரின் நினைவாக வைத்தது. அதில் ஹென்றியின் ராணிகள் இருவர். அது நிற்கும் இடத்தில்தான் ஆன் கொல்லப்பட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். 1536இல் மேடை போட்டது வெள்ளைக் கோபுரத்துக்கு வடக்கே, இப்போது கிரீட நகைகள் இருக்கும் பெரிய கட்டடத்தின் முன்பக்கமாக இருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர் கருத்து. அதாவது நகை பார்க்க மக்கள் வரிசையில் நிற்கும் பகுதி. மே 19 காலையில், கோடரிக்குப் பதிலாகப் பிரெஞ்சு முறையில் வாள். கடல் தாண்டி வரவழைத்த வாள்காரன். நிமிர்ந்து முழங்காலிட்ட நிலையில் ஒரே வீச்சு. அவருடைய திருமணமும் செல்லாது என்று அதற்கு இரண்டு நாள் முன்பே தீர்ப்பாகியிருந்தது. மனைவியே இல்லை என்றால் கணவனுக்குத் துரோகம் செய்த குற்றம் எப்படி வரும் என்று அந்த நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. மகள் எலிசபெத்துக்கு அப்போது வயது மூன்றுகூட நிறையவில்லை.

யோமன் வார்டர்கள் என்ற டவர் காவலர்கள் நடத்தும் சுற்று நுழைவுக் கட்டணத்துக்குள் அடங்கும்; தனிப் பணம் இல்லை. ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். டவருக்குள் இருக்கும் புனித பீட்டர் சிற்றாலயத்தையும் தவறவிடாதீர்கள். வழிபாடு, திருமணம் இருக்கும் நாள்களில் ஆலயம் மூடியிருக்கும். அதனால் உள்ளே நுழைந்தவுடன் முதலில் எதிர்ப்படும் வார்டரிடம் இன்று எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. பீடத்தின் முன் பளிங்குத் தரையில் பெயரும் குலச்சின்னமும் பொறித்த கற்கள் தெரியும். அதில் ஆன் பொலின், கேத்தரின் ஹவர்ட் இருவரின் கற்களும் உண்டு. ஆனின் உடலை அம்பு வைக்கும் மரப்பெட்டியில் போட்டுப் புதைத்தார்கள்; சவப்பெட்டி செய்துவைக்க யாரும் நினைக்கவில்லை. 1876இல் தரையைப் பெயர்த்துச் சீரமைத்தபோது கிடைத்த எலும்புகளில் ஒரு தொகுதியை அவருடையது என்று முடிவுசெய்து, அந்தக் கல்லைப் பதித்தார்கள். அந்த அடையாளத்தை இன்று எல்லாரும் ஏற்பதில்லை. கேத்தரின் ஹவர்டின் எலும்பு என்று எதையும் உறுதியாகக் காட்டவும் முடியவில்லை. எனவே அந்தக் கற்களை அஞ்சலிக் கற்களாகப் பாருங்கள். கல்லறை எல்லையாக எண்ண வேண்டாம்.

கேத்தரின் ஹவர்டைப் பற்றி டவரில் சொல்லப்படுவது குறைவு என்பது உண்மையான குறை. அவருக்குத் திறந்த விசாரணையே நடக்கவில்லை. நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அவரைக் குற்றவாளி என்றது. அந்தச் சட்டத்தை ராஜா தம் காதால் கேட்டு வருந்த வேண்டியதில்லை என்பதற்காக, அவர் சார்பில் சிலரே ஒப்புதல் வழங்கலாம் என்ற புதிய நடைமுறையையும் அதற்காகவே உண்டாக்கினார்கள். 1542 பிப்ரவரி 13இல் கோடரியால் வெட்டப்பட்டபோது அவருக்கு வயது இருபதை ஒட்டி இருக்கும். முந்தின இரவு தலைவைக்கும் கட்டையை அறைக்குக் கொண்டுவரச் சொல்லி, எப்படித் தலை வைப்பது என்று பழகிப் பார்த்திருக்கிறார். அன்று அவருக்கு அடுத்து அதே கட்டையில் தலைவைத்தவர் ஜேன் பொலின், ஆன் பொலினின் அண்ணி என்றோ தம்பி மனைவி என்றோ சொல்லப்படும் அந்த வீட்டு மருமகள். ஒரே குடும்ப வலைக்குள் இரண்டு ராணிகளின் சாவும் முடிகிறது: கேத்தரினும் ஆனும் அத்தை மகள், மாமன் மகள் உறவு. இதை ஒரு பலகையில் உறவு வரைபடமாகப் போட்டிருந்தால் பார்வையாளருக்கு எவ்வளவோ விளங்கியிருக்கும்.

அடுத்த நாள் ஹாம்ப்டன் கோர்ட். வாட்டர்லூவிலிருந்து நேரடி ரயில், ஏறத்தாழ 35 நிமிடம். லண்டன் போக்குவரத்தின் ஆறாம் மண்டலத்துக்குள் வருவதால் ஆய்ஸ்டர் என்ற பயண அட்டை செல்லும். ஸ்டேஷனிலிருந்து பாலத்தைக் கடந்தால் அரண்மனை வாயில். இதையும் டவரையும் ஒரே அறக்கட்டளைதான் நடத்துகிறது. அதன் ஆண்டு உறுப்பினர் அட்டை இரண்டுக்கும் செல்லும். இரண்டையும் பார்ப்பதோடு மறுமுறையும் வருவதாக இருந்தால், தனித்தனி டிக்கெட் எடுக்கும் முன் அதன் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் வாரத்தின் சில நாள்களில் அரண்மனை மூடியிருக்கும், நாளை முடிவுசெய்யும் முன் பார்த்துவிடுவது அவசியம்.

இங்கே எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொண்டு போக வேண்டும். ராணிகள் தூங்கிய, பிள்ளை பெற்ற, ஒளிந்து அழுத அறைகள் இன்று இல்லை. 1689இல் மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் டியூடர் அரச அறைகளை இடித்துவிட்டுப் புது மாளிகை எழுப்பினார்கள். பெரிய நீரூற்று முற்றம், தோட்டத்தைப் பார்த்த நீண்ட சன்னல்கள் எல்லாம் அந்தப் பிற்காலம்தான். ஹென்றி காலத்தது என்று மிஞ்சியிருப்பது சமையலறைகள், பெரிய மண்டபம், காவலர் கூடம், ஊர்வலக் கூடம், சிற்றாலயம். நேரம் குறைவாக இருந்தால் இந்த ஐந்தை மட்டும் பாருங்கள். மூன்று மணி நேரம் போதும். பிள்ளைகள் கூட வந்தால் புதர்ச்சுவர்ப் புதிர்வழிக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ஆனால் அதற்கும் ஹென்றிக்கும் தொடர்பில்லை, அது 1700 வாக்கில் நட்டது.

முதல் முற்றத்தைத் தாண்டியதும் வருவது ஆன் பொலின் வாயில். அதன் வளைவுக் கூரையில் தெரியும் எழுத்துகளைப் பார்த்துப் பரவசப்பட வேண்டாம். அந்தக் கூரை 19ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செய்தது. வாயிலின் மறுபக்கம், உள்முற்றத்தைப் பார்த்தபடி, 1540இல் வைத்த வானியல் கடிகாரம். மாதம், நாள், நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு லண்டன் பாலத்தில் ஆற்று நீர் எப்போது ஏறும் என்பதையும் காட்டும். படகில் போகிற அரசவைக்கு அது தேவைப்பட்டது. அந்த ஆண்டில் மட்டும் ஹென்றிக்கு இரண்டு திருமணங்கள்.

வாயிலுக்குள்ளேயே இருக்கும் படிக்கட்டு பெரிய மண்டபத்துக்கு ஏறுகிறது. 1532இல் வேலை தொடங்கியபோது அடுத்த ராணி ஆன் என்பது உறுதியாகியிருந்தது. வேலை முடிந்து ஓராண்டுக்குள் அவர் இல்லை. எழுத்தை மாற்றும் வேலை இங்கே முழுமையாக நடக்கவில்லை. மண்டபத்தின் மரவேலைப்பாட்டில் 'எச்', 'ஏ' இரண்டும் பின்னிய சின்னம் இன்றும் இருக்கிறது. வெறும் கண்ணுக்குச் சட்டென்று படாது. சிறிய தொலைநோக்கி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இல்லையென்றால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அங்கே நிற்கும் பணியாளரிடம் கேளுங்கள். இதே எழுத்துகளை இன்னும் தெளிவாகப் பார்க்க ஆசையிருந்தால் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் மரத்திரைக்குத்தான் போக வேண்டும், அது தனிப் பயணம்.

மண்டபத்துச் சுவரில் தொங்கும் ஆபிரகாம் கதைத் திரைச்சீலைகள் ஹென்றி வரவழைத்தவை. கிழவரான ஆபிரகாமுக்குக் கடைசியில் ஆண்பிள்ளை பிறந்த கதையை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை விளக்கத் தேவையில்லை. அடுத்த கூடத்தின் மேற்கூரையில் பார்த்தால் ஜேன் சீமோரின் சின்னங்கள். இரண்டு கூடங்களுக்கும் இடையே பத்திருபது அடி நடை. ஒரு ராணி போய் இன்னொருவர் வந்த காலம் அந்தக் கதவுநிலையில் தெரிகிறது. ஆன் இறந்து பதினோராம் நாள், 1536 மே 30, ஜேனுக்குத் திருமணம்.

ஊர்வலக் கூடத்துக்கு இப்போது பேய்க்கூடம் என்ற பெயர்தான் பிரபலம். காவலில் இருந்த கேத்தரின் ஹவர்ட் தப்பி, ஆலயத்தில் இருந்த ஹென்றியிடம் மன்றாட இந்த வழியே அலறிக்கொண்டு ஓடினார் என்று கதை. அந்தக் காலத்து ஆவணம் எதிலும் அது இல்லை. ஆவணத்தில் இருப்பது இதைவிடக் கனமானது. 1541 நவம்பர் 2, இறந்தோர் நினைவுநாள் வழிபாடு. பேராயர் கிரான்மர் நேரில் சொல்லத் துணியாமல் ஒரு கடிதத்தை ஹென்றியின் இருக்கையில் வைத்தார். ராணியின் திருமணத்துக்கு முந்திய உறவுகள் பற்றிய கடிதம். சில நாள்களில் ஹென்றி லண்டனுக்குப் போய்விட்டார்; அதன்பின் மனைவியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆலயத்தை மேலிருந்து பார்க்கும் அரச இருக்கைப் பகுதிக்குப் போனால், பேய்க்கதையை விட அந்தக் கடிதத்தை நினையுங்கள். பிறகு நிமிர்ந்து நீலமும் பொன்னுமான கூரையைப் பாருங்கள். ஆன் வாழ்ந்த கடைசி மாதங்களில் அந்த வேலை நடந்தது. 1537 அக்டோபர் 15இல் அதன் கீழேதான் ஜேனின் மகன் எட்வர்டுக்குத் திருமுழுக்கு. ஒன்பது நாளில் ஜேன் இறந்தார், பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில். முடிசூட்டு விழாகூட அவருக்கு நடக்கவில்லை. ஆறு பேரில் முடிசூடியவர்கள் முதல் இருவர் மட்டுமே. ஆலயக் கதவின் இரு பக்கமும் உள்ள கற்சின்னங்களில் ஒன்று ஹென்றியுடையது, மற்றது ஜேனுடையது.

இந்தப் பகுதியில் ஒரு ஓவியத்தின் முன் அவசியம் நின்றுவிடுங்கள்: ஏறத்தாழ 1545இல் வரைந்த ஹென்றியின் குடும்பப் படம். நடுவில் ராஜா, ஒரு பக்கம் எட்வர்ட், மறுபக்கம் ஜேன் சீமோர், ஓரங்களில் ஆரகான் கேத்தரினின் மகள் மேரியும், ஆன் பொலினின் மகள் எலிசபெத்தும். ஜேன் இறந்து அப்போது எட்டு ஆண்டுகள். வீட்டில் இருந்த மனைவி கேத்தரின் பார். ஹென்றியின் மூன்று பிள்ளைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர், 1544இல் ஹென்றி பிரான்சுக்குப் போருக்குப் போனபோது நாட்டை ஆண்டவர், அவருக்குப் படத்தில் இடமில்லை. அவருடைய திருமணம் நடந்ததும் இதே அரண்மனையில்தான், 1543 ஜூலை 12இல், ராணியின் தனி வழிபாட்டறையில், மிகச் சிலர் முன்னிலையில்.

வின்ட்சரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறு பேரில் ஜேன் மட்டுமே ஹென்றியுடன் புதைக்கப்பட்டவர். புனித ஜார்ஜ் ஆலயத்தின் பாடகர் பகுதியில், தரையில் ஒரு கறுப்புக் கல். அவ்வளவுதான். கூட்டம் நகரும் வேகத்தில் பலர் அதன் மேல் கண் படாமலே போய்விடுவார்கள். இருக்கைகளில் தொங்கும் கொடிகளைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். 1837இல்தான் அந்தக் கல்லே வைக்கப்பட்டது. ஹென்றி தமக்கென்று திட்டமிட்ட பிரம்மாண்டக் கல்லறை முடியவேயில்லை. அதற்கென எடுத்து வைத்திருந்த கறுங்கல் பெட்டியில் இன்று புனித பால் கதீட்ரலில் தளபதி நெல்சன் துயில்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் பார்வையாளருக்கு மூடியிருக்கும்; இந்தக் கல்லுக்காகவே போகிறவர்கள் அன்று கோட்டை டிக்கெட் எடுத்து ஏமாற வேண்டாம்.

வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் ஞாயிறு வழிபாடு மட்டும்தான். கிளீவ்ஸ் ஆனின் கல்லறை உயர்பீடத்தின் தெற்குப் பக்கம், தாழ்வான கல்மேடை. பெரிய கல்லறைகளுக்கு நடுவில் அது கல்லறையாகவே தெரியாது. ஆடியோ கைடு சொல்லும் வரிசையிலேயே நடந்தால் தவறவிட்டுவிடுவீர்கள். பணியாளரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள். கேட்டுப் பார்ப்பதற்குத் தகுதியான கல்லறை, ஏனென்றால் அதில் கிரீடத்தோடு செதுக்கியிருக்கும் முதலெழுத்துகள் அவருடையவை மட்டுமே: 'ஏ', 'சி'. பக்கத்தில் ஹென்றியின் 'எச்' இல்லை. 1540 ஜனவரி 6இல் திருமணம், ஜூலை 9இல் செல்லாது என்ற தீர்ப்பு. அவர் மறுப்புச் சொல்லாமல் சம்மதித்தார். முதல் கேத்தரின் மறுத்து என்ன ஆனார் என்பது ஐரோப்பா முழுக்கத் தெரிந்த கதை. சம்மதத்துக்குப் பலனாக ரிச்மண்ட் மாளிகை, ஹீவர் கோட்டை, ஆண்டு வருமானம், ராஜாவின் அன்புச் சகோதரி என்ற பட்டம். 1553இல் மேரி முடிசூடியபோது ஊர்வலத்தில் எலிசபெத்துக்குப் பக்கத்தில் அவர் போனார். இங்கிலாந்தை விட்டுப் போகவே இல்லை. அழகில்லாதவர் என்று சொல்லிச் சொல்லியே அவருடைய புத்திசாலித்தனத்தை மறைத்துவிட்டார்கள். நம் கருத்தில் ஆறு பேரில் அரசியலைச் சரியாகக் கணித்தவர் அவர்தான்.

அவருக்குக் கிடைத்த ஹீவர், அதற்கு முன் ஆன் பொலின் வளர்ந்த வீடு. அகழி சூழ்ந்த சிறிய கோட்டை, கென்ட்டில். ஹீவர் ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு மைல் நடை. அங்கே டாக்சி நிற்காது. நடக்க முடியாதவர்கள் ஈடன்பிரிட்ஜ் டவுனில் இறங்கி டாக்சி வைத்துக்கொள்வது மேல். உள்ளே உள்ள மரவேலைப்பாட்டில் பெரும்பகுதி 1903இல் கோட்டையை வாங்கிய அமெரிக்கச் செல்வந்தர் ஆஸ்டர் செய்வித்தது, ஆகவே ஒவ்வொரு கதவையும் ஆன் தொட்டதாக நினைக்க வேண்டாம். வந்ததற்குப் பலன் இரண்டு வழிபாட்டு நூல்கள். ஆன் தம் கையால் எழுதிய வரிகள் அவற்றில் உண்டு. அவற்றில் ஒன்றை 2021இல் புற ஊதா ஒளியில் பார்த்தபோது, ஆன் இறந்தபின் அந்த நூலைக் கைமாற்றிக் காப்பாற்றி வந்த பெண்களின் அழிந்த பெயர்கள் தெரியவந்தன. அந்த நூலை வைத்திருப்பதே ஆபத்தாக இருந்த ஆண்டுகளில் அவர்கள் அதைக் காத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியின் முன் வெளிச்சம் குறைவு. கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சூட்லிக்கு ஒரு முழு நாள் வேண்டும். பேடிங்டனிலிருந்து செல்டனம் வரை ரயில், ஏறத்தாழ இரண்டு மணி நேரம்; அங்கிருந்து வின்ச்கம் ஊருக்குப் பேருந்து அல்லது டாக்சி; பிறகு கொஞ்சம் நடை. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். இங்கேதான் கேத்தரின் பார் 1548 செப்டம்பர் 5இல் இறந்தார், மகள் பிறந்து ஆறாம் நாள். தமக்குப் பிடித்த, ஜேன் சீமோரின் சகோதரரான தாமஸ் சீமோரைக் கடைசியில் மணந்துகொண்டிருந்தார். அவரும் மறு ஆண்டு தலைவெட்டப்பட்டார். கேத்தரின் 1545இல் தம் பெயரிலேயே நூல் வெளியிட்டவர். இங்கிலாந்து ராணிகளில் அப்படிச் செய்த முதல் ஆள். ராணியான பிறகும் கையெழுத்தின் முடிவில் 'கே', 'பி' என்று பிறந்த வீட்டுப் பெயரின் எழுத்தை விடாமல் போட்டவர். தோட்டத்தில் உள்ள புனித மேரி ஆலயத்தில் அவருடைய வெண்பளிங்குக் கல்லறை. படுத்திருக்கும் உருவம் விக்டோரியா காலத்தது, முகம் கற்பனை. ஆனால் உள்ளே இருப்பது அவர்தான் என்பதில் ஐயமில்லை: 1782இல் இடிபாட்டுக்குள் கண்டெடுத்த ஈயப் பெட்டியின் மேல் எழுத்து 'கே பி' என்றுதான் தொடங்கியது. அதன்பின் ஆர்வக்கோளாறில் பலர் பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்து உடலைக் கெடுத்தது வேதனையான அத்தியாயம்.

ஏழில் ஒன்றை மட்டும் கூடுதலாகப் பார்க்க முடியும் என்றால் நாங்கள் சொல்வது பீட்டர்பரோ. கிங்ஸ் கிராஸிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ 50 நிமிடம், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. ஆய்ஸ்டர் செல்லாது, டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் செலவு குறையும். கதீட்ரலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, விருப்பமுள்ளவர்கள் காணிக்கை போடலாம். அரை நாளில் போய் வந்துவிடலாம். உள்ளே நேராக நடந்து, பீடத்துக்கு இடப்புறம், வடக்கு நடையில் ஆரகான் கேத்தரின்.

1529இல், திருமணம் செல்லுமா என்று விசாரித்த பிளாக்பிரையர்ஸ் நீதிமன்றத்தில் கணவன் முன் முழங்காலிட்டு வாதாடிவிட்டு எழுந்து போனவர், மீண்டும் அழைத்தும் திரும்பாதவர். போப்பாண்டவர் தீர்ப்பை இழுத்தடித்ததற்குக் காரணம், கேத்தரினின் அக்கா மகனான பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை 1527இல் ரோமையே சூறையாடியிருந்தது. கடைசியில் ஹென்றி திருச்சபையையே பிரித்துக்கொண்டார். கேத்தரின் 1536 ஜனவரி 7இல் கிம்போல்டன் கோட்டையில் இறந்தார். அந்தக் கோட்டை இப்போது ஒரு பள்ளிக்கூடம். ஜனவரி 29இல் இங்கே அடக்கம் செய்தபோது ராணி என்று சொல்ல அனுமதியில்லை. ஹென்றியின் இறந்துபோன அண்ணன் ஆர்தரின் விதவை என்ற மரியாதைதான் கிடைத்தது. அதே நாளில் ஆன் பொலினின் கரு கலைந்தது. நான்கு மாதத்தில் அவரும் இல்லை.

கேத்தரினின் பழைய கல்லறையை 1643இல் நாடாளுமன்றப் படையினர் உடைத்துவிட்டார்கள். இப்போது தரையில் இருக்கும் கறுப்புக் கல் 1890களில் வைத்தது. கதீட்ரல் பாதிரியார் ஒருவரின் மனைவி, அவர் பெயரும் கேத்தரின், நாட்டிலுள்ள கேத்தரின்கள் எல்லாரும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டார். அந்தப் பணத்தில் வந்த கல். மேலே கம்பியழியில் பொன்னெழுத்துகள். முதலெழுத்தும் இல்லை, முடிச்சும் இல்லை. 'கேத்தரின், இங்கிலாந்தின் ராணி' என்று முழுப்பெயர். ஹென்றி கடைசிவரை மறுத்த பட்டம்.

ஜனவரி இறுதியில் அவர் நினைவாக விழா நடக்கும், வழிபாட்டில் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் கலந்துகொள்வார்கள். மற்ற நாள்களில் போனாலும் கல்லின் மேல் பூவும் மாதுளம்பழமும் இருக்கக் காணலாம். கேத்தரினுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவருடைய தாயும் தந்தையும் கிரனாடாவை வென்றார்கள். அந்த ஊரின் சின்னம்தான் மாதுளை, டவரில் பார்த்த கவசத்தில் இருந்ததும் அதுவே. நீங்களும் ஒன்று வைக்க விரும்பினால் ஊரிலேயே கடையில் வாங்கிக்கொண்டு போங்கள். அறுக்காமல், முழுப் பழமாக.